வரிசையில் கடைசி: சுவிட்சர்லாந்தில் குடியேறியவரின் வாழ்க்கைச் செலவு

உலகில் வாழச் செலவு மிகுந்த நகரங்கள் எவை என்று ஆண்டுதோறும் பட்டியல் போடுபவர்கள் சுவிட்சர்லாந்தை மறப்பதில்லை. மெர்சர் நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டுப் பட்டியலில் ஹாங்காங், சிங்கப்பூர் இரண்டுக்கும் அடுத்து சூரிச், ஜெனீவா, பாசல், பேர்ன் என்று நான்கு சுவிஸ் நகரங்கள் வரிசையாக நின்றன. பத்திரிகைகள் இதை எடுத்து, ஒரு கோப்பைக் காப்பி என்ன விலை, ஒரு கிலோ இறைச்சி என்ன விலை என்று நம் ஊர்ப் பணத்தில் மாற்றிக் காட்டி வாசகரைத் திகைக்க வைக்கும். அந்தப் பட்டியல் எதற்காகப் போடப்படுகிறது என்பதை யாரும் அதிகம் பேசுவதில்லை. பன்னாட்டு நிறுவனங்கள் தம் ஊழியரை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது எவ்வளவு படி கொடுக்கலாம் என்று முடிவு செய்ய உதவும் கணக்கு அது. இருநூறுக்கும் மேற்பட்ட பொருள்கள், சேவைகளின் விலையை நியூயார்க்கோடு ஒப்பிடுகிறார்கள். பிராங்கின் மதிப்பு ஏறினால், கடையில் ஒரு விலையும் மாறாமலே சூரிச் பட்டியலில் மேலே போய்விடும். ஊரின் விலை என்ன என்பதை இது சொல்லும். அந்த விலை யார்மேல் எவ்வளவு விழுகிறது என்பதைச் சொல்லாது. ஒரே தெருவில், ஒரே அளவு வீட்டில், ஒரே சம்பளத்தில் வாழும் இரண்டு குடும்பங்களின் மாதச் செலவு ஆயிரம் பிராங்குக்கு மேல் வேறுபடலாம். அந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அவர்கள் எந்த ஆண்டில், எந்த வயதில், எந்த அனுமதியோடு அந்த நாட்டுக்குள் வந்தார்கள் என்பதே.

கடை விலையை முதலில் பார்த்துவிடலாம். அதில் அதிகம் தங்க வேண்டியதில்லை. ஐரோப்பிய ஒன்றியச் சராசரியோடு ஒப்பிட்டால் சுவிஸ் நுகர்வு விலைகள் எழுபது விழுக்காட்டுக்கும் மேல் கூடுதல். இறைச்சி இரண்டு மடங்குக்கும் மேல். காரணங்கள் தெரிந்தவைதான். உள்நாட்டு விவசாயிகளைக் காக்க இறைச்சி, பால்பொருள், காய்கறிக்கு உயர்ந்த இறக்குமதி வரி இருக்கிறது. தொழிற்சாலைப் பொருள்களுக்கான சுங்கவரியை 2024 ஜனவரியில் நீக்கியபோதும் உணவுக்கு அந்தச் சலுகை வரவில்லை. கடையில் நிற்பவருக்கும் முடி வெட்டுபவருக்கும் கொடுக்கும் கூலி உயர்வு. இவை போக, சுவிஸ்காரர்கள் கொடுக்கக்கூடியவர்கள் என்று தெரிந்து வெளிநாட்டு வணிகச்சின்னங்கள் அதே பொருளுக்கு இங்கே கூடுதல் விலை வைப்பதும் உண்டு. 2022இல் நடைமுறைக்கு வந்த போட்டிச் சட்டத் திருத்தம் அதைத்தான் குறிவைத்தது. ஆனால் இந்த விலை வந்தவருக்கும் இருந்தவருக்கும் ஒன்றே. மிக்ரோஸ், கோப் கடைகளின் மலிவு வரிசைப் பொருள்களும், 2005இல் வந்த ஆல்டியும் 2009இல் வந்த லீடலும் அதைக் கொஞ்சம் தணித்திருக்கின்றன. சராசரி சுவிஸ் குடும்பத்தின் மொத்த வருமானத்தில் வீட்டு உணவுக்குப் போவது ஏறத்தாழ ஏழு விழுக்காடு. சென்னையில் அல்லது கொழும்பில் ஒரு நடுத்தரக் குடும்பம் சோற்றுக்கும் குழம்புக்கும் ஒதுக்கும் பங்கை நினைத்தால் இது சொற்பம். காப்பி விலையைக் கண்டு மலைப்பவர் தவறான ரசீதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பார்க்க வேண்டிய முதல் ரசீது வாடகை. சுவிட்சர்லாந்து வாடகைக் குடிகளின் நாடு. சொந்த வீட்டில் வாழ்வோர் விகிதம் ஐரோப்பாவிலேயே மிகக் குறைவான ஒன்று, நூற்றுக்கு நாற்பதைத் தொடாது. அதனால் வாடகைச் சட்டம் குடியிருப்பவரைக் கவனமாகக் காக்கிறது. ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருக்கும்போது வீட்டுக்காரர் இஷ்டப்படி வாடகையை ஏற்ற முடியாது. அடமானக் கடன்களின் சராசரியிலிருந்து அரசு அறிவிக்கும் ஆதார வட்டி விகிதம், விலைவாசி உயர்வில் ஒரு பங்கு, பராமரிப்புச் செலவு ஆகியவை மாறினால்தான் ஏற்றலாம். இதன் விளைவு, இருபது ஆண்டாக ஒரே வீட்டில் இருப்பவர் பழைய வாடகையின் அருகிலேயே இருக்கிறார். அவர் காலி செய்த மறுமாதம் அந்த வீடு சந்தை விலைக்குப் போகிறது. 2022இல் நாடு முழுவதும் சராசரி மாத வாடகை சுமார் 1,400 பிராங்க். அதே காலத்தில் சூரிச்சில் குடும்பத்துக்கு ஏற்ற வீடு தேடிய புதியவருக்கு 2,500க்குக் கீழே கிடைப்பது அரிதாக இருந்தது. இரண்டு எண்ணும் உண்மைதான், ஒன்று இருந்தவர்களின் எண், மற்றது வந்தவர்களின் எண். 2024 ஜூனில் சூரிச் நகரில் காலியாக இருந்த வீடுகள் 0.07 விழுக்காடு, ஆயிரத்துக்கு ஒன்றுகூட இல்லை. நகரின் வீடுகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கூட்டுறவுச் சங்கங்கள், நகராட்சி போன்ற இலாப நோக்கில்லா உரிமையாளர்களிடம் இருக்கிறது. 2011இல் மக்கள் வாக்களித்து அதை 2050க்குள் மூன்றில் ஒன்றாக்கச் சொன்னார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த வீட்டுக்குக் காத்திருக்கும் பட்டியலில் நேற்று விமானம் இறங்கியவர் எங்கே நிற்பார்?

புதியவருக்கும் சட்டத்தில் உரிமை இல்லாமல் இல்லை. வீட்டுச் சாவியை வாங்கி முப்பது நாளுக்குள் தொடக்க வாடகை அநியாயமானது என்று சமரசக் குழுவிடம் முறையிடலாம்; சூரிச், ஜெனீவா போன்ற தட்டுப்பாட்டு மாநிலங்களில் முந்தைய குடித்தனக்காரர் என்ன கொடுத்தார் என்பதை வீட்டுக்காரர் படிவத்தில் எழுதித் தரவும் வேண்டும். ஆதார வட்டி விகிதம் இறங்கினால் வாடகையைக் குறைக்கக் கேட்கலாம். 2025 மார்ச்சில் அது 1.75இலிருந்து 1.5 விழுக்காடாக இறங்கியது. எல்லாவற்றிலும் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: கேட்டால்தான் கிடைக்கும். கடன் பாக்கிப் பதிவேட்டில் தன் பெயர் இல்லை என்ற சான்று, சம்பளச் சீட்டு, அனுமதி அட்டை எல்லாம் இணைத்து ஐம்பது விண்ணப்பம் போட்டு ஒரு வீடு பிடித்தவர், மூன்று மாத வாடகையை முன்பணமாகக் கட்டிய கையோடு வீட்டுக்காரர்மேல் முறையீடு எழுதுவார் என்று எதிர்பார்ப்பது சட்டப்புத்தகத்தில் மட்டுமே நடக்கும்.

இரண்டாவது ரசீது மருத்துவக் காப்பீடு. சுவிஸ் தமிழர் வீடுகளில் கிராங்கன்காசே என்றே வழங்கும் இதைப் புரிந்துகொள்ளாமல் அந்நாட்டுச் சம்பளத்தை யாரும் மதிப்பிட முடியாது. 1996இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி நாட்டில் வாழும் ஒவ்வொருவரும் அடிப்படைக் காப்பீடு எடுத்தாக வேண்டும். வந்தவருக்கு மூன்று மாத அவகாசம். ஆனால் நாட்டுக்குள் வந்த நாளிலிருந்தே தவணை கணக்காகும். முதலாளி இதில் ஒரு பைசா போடுவதில்லை. தவணை வருமானத்தைப் பார்ப்பதும் இல்லை. மாநிலம், வயது, தேர்ந்தெடுக்கும் திட்டம் ஆகியவற்றையே பார்க்கிறது. வங்கி மேலாளரும் அவர் அலுவலகத்தைக் கூட்டுபவரும் ஒரே தொகை கட்டலாம். 2025ஆம் ஆண்டுக்கு அரசு அறிவித்த சராசரிப்படி பெரியவருக்கு மாதம் சுமார் 449 பிராங்க், குழந்தைக்குச் சுமார் 118. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் 1,130ஐத் தாண்டுகிறது. ஜெனீவாவிலும் பாசலிலும் இன்னும் கூடுதல்; உள்ஆப்பன்செல்லில் குறைவு. இது நோய் வராத மாதத்தின் செலவு. நோய் வந்தால் ஆண்டுக்கு முதல் 300 பிராங்கிலிருந்து 2,500 பிராங்க் வரை, எந்தத் திட்டம் எடுத்தாரோ அதற்கேற்ப, கைப்பணம். அதற்கு மேல் பத்து விழுக்காடு, 700 பிராங்க் உச்சவரம்பு வரை. தவணையைக் குறைக்க 2,500ஐத் தேர்ந்தெடுத்த புதியவருக்கு முதல் ஆண்டிலேயே அறுவைச் சிகிச்சை வந்தால் 3,200 பிராங்க் தனியாக வேண்டும். பல் வைத்தியம் பெரும்பாலும் இதில் சேராது.

வருமானம் குறைந்தவர்களுக்கு மாநிலங்கள் தவணையில் ஒரு பகுதியைத் தாங்குகின்றன. மக்கள்தொகையில் கால் பங்குக்கும் மேலானவர்கள் இதைப் பெறுகிறார்கள். அப்படியிருக்க இதைக் கொடுமை என்று சொல்லலாமா என்று கேட்கலாம். சலுகை உண்மையானது, குறைத்துப் பேசக்கூடாது. ஆனால் அதன் விதியும் வரம்பும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பல இடங்களில் விண்ணப்பித்தாக வேண்டும், பழைய ஆண்டின் வரிக் கணக்கு அடிப்படையாகும். பழைய ஆண்டே இல்லாதவர் என்ன செய்வார்? இன்னொரு தயக்கமும் உண்டு. சமூக உதவி வாங்கினால் தங்கும் அனுமதிக்கு ஆபத்து என்ற பயம் குடியேறியவர்களிடையே ஆழமாக இருக்கிறது. 2019 முதல் நிரந்தர அனுமதியைக்கூட ஓராண்டு அனுமதியாகக் கீழிறக்கச் சட்டம் இடம் தருவதால் அந்தப் பயம் வெறுங்கற்பனையும் அல்ல. தவணைச் சலுகை சமூக உதவிக் கணக்கில் வராது. ஆனாலும் இரண்டையும் ஒன்றாக நினைத்துச் சலுகையையே கேட்காமல் விடுபவர் இருக்கத்தான் செய்வார்.

மூன்றாவது ரசீதைக் குழந்தையில்லாதவர் பார்ப்பதே இல்லை. பேறுகால விடுப்பு 14 வாரம், சம்பளத்தில் எண்பது விழுக்காடு. 2005க்கு முன் நாடு தழுவிய ஊதிய விடுப்பே கிடையாது. அதன்பின் நான்கு வயதில் அரசுப் பாலர் வகுப்பு தொடங்கும்வரை பகல்நேரக் காப்பகம்தான் கதி. சூரிச்சில் மானியம் இல்லாத இடத்துக்கு நாளொன்றுக்கு 120 பிராங்குக்குக் குறையாது; வாரம் ஐந்து நாள் விட்டால் மாதம் 2,500 அளவு, இரண்டு குழந்தை என்றால் ஒரு சம்பளமே போய்விடும். பிள்ளை பள்ளிக்குப் போன பிறகும் பல ஜெர்மன் மொழி ஊர்களில் மதியம் வீட்டுக்குச் சாப்பிட வரும் வழக்கம் இருக்கிறது. உள்ளூர்க் குடும்பங்கள் இதை எப்படிச் சமாளிக்கின்றன? தாத்தா பாட்டியை வைத்துத்தான். பெற்றோர் அல்லாதவரிடம் விடப்படும் குழந்தைகளில் கணிசமானோர் தாத்தா பாட்டியிடம்தான் இருக்கிறார்கள். இது எந்த விலைப்பட்டியலிலும் வராத வருமானம். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வந்தவர் துணையையும் பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளலாம். பெற்றோரை அழைக்க வழியில்லை என்றே சொல்லலாம். சுற்றுலா விசாவில் வரும் பாட்டி 90 நாளில் திரும்ப வேண்டும். ஆகவே மனைவி, பெரும்பாலும் மனைவிதான், வேலையை விடுகிறார் அல்லது வாரம் இரண்டு நாளாகக் குறைக்கிறார். அந்த இழப்பையும் செலவுக் கணக்கில் எழுத வேண்டும்.

இவ்வளவுக்கும் பதில் தயாராக இருக்கிறது: சம்பளம் அதற்கேற்றபடி உயர்ந்ததுதானே? 2022இல் முழுநேர வேலைக்கான நடுநிலை மாதச் சம்பளம் 6,788 பிராங்க். ஐரோப்பாவில் இதற்கு இணை மிகச் சில. தனியாளாக, உடல்நலத்தோடு, பங்கு வீட்டில் வாழும் இளைஞருக்கு இந்த வாதம் முழுக்கச் செல்லும். அவரால் மாதாமாதம் ஊருக்கும் அனுப்ப முடியும், வங்கியிலும் சேர்க்க முடியும். ஒரே சம்பளத்தில் நான்கு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதியோர் காப்பீடு 5.3 விழுக்காடு, வேலையின்மைக் காப்பீடு 1.1, மேலே ஓய்வூதிய நிதி என்று பிடித்தபின் ஏறத்தாழ 5,900 கைக்கு வரும். மருத்துவக் காப்பீடு போனால் 4,800க்குக் கீழ். புதியவரின் வாடகை போனால் 2,300 சுற்றி. வரி, உணவு, போக்குவரத்து, பல், பள்ளிச் சுற்றுலா எல்லாம் அதற்குள். அதே சம்பளத்தில் பழைய வாடகையில் இருக்கும் அடுத்த வீட்டுக்காரருக்கு ஆயிரம் கூடுதலாக நிற்கும். அதுவும் இது நடுநிலைச் சம்பளம். 2022இல் வேலை செய்வோரில் பத்தில் ஒருவர் 4,500க்குக் கீழே பெற்றார், சமையலறையிலும் துப்புரவிலும் முதியோர் இல்லத்திலும் அப்படிப்பட்டவர் மிகுதி. நாடு முழுவதற்கும் மணிக்கு 22 பிராங்க் குறைந்தபட்சக் கூலி வேண்டும் என்ற முன்மொழிவை 2014இல் நான்கில் மூன்று பங்கு வாக்காளர் நிராகரித்தார்கள். ஜெனீவா 2020இல் தனியாக 23 பிராங்கை ஏற்றது. அது படிப்படியாக உயர்ந்து, வாரம் 42 மணி நேரம் உழைத்தால் மாதம் 4,400ஐச் சற்றே தாண்டும் நிலைக்கு வந்திருக்கிறது. ஜெனீவா வாடகையை வைத்து அதைப் படிக்க வேண்டும்.

வரி குறைவு என்பதும், எல்லை தாண்டி ஜெர்மனியில் வாங்கலாம் என்பதும் அடுத்த இரண்டு பதில்கள். இரண்டாவதைச் சுருக்கமாக முடிக்கலாம்: கான்ஸ்டன்ஸுக்கோ லோராக்குக்கோ சனிக்கிழமை போய்ப் பை நிறைய வாங்கி வருவோர் ஆயிரக்கணக்கில் உண்டு, ஆனால் வரியில்லாமல் கொண்டுவரும் வரம்பு 2025 ஜனவரியில் ஒருவருக்கு 300 பிராங்கிலிருந்து 150 ஆகக் குறைந்தது, இறைச்சி ஆளுக்கு ஒரு கிலோதான். வாடகையையும் காப்பீட்டையும் கான்ஸ்டன்ஸில் வாங்க முடியாது. வரி விஷயம் இன்னும் சுவையானது. பொதுவாக வரி குறைவு என்பது சரி, சூக் மாநிலத்தில் மிகக் குறைவு. ஆனால் சட்டம் ‘வெளிநாட்டவர்’ என்று ஒரே கூட்டத்தைப் பார்க்கவில்லை. நிறுவனம் தற்காலிகமாக அனுப்பிவைக்கும் மேலதிகாரிக்கும் வல்லுநருக்கும் ஐந்து ஆண்டு வரை தனிச் சலுகை உண்டு: குடிபெயர்ந்த செலவு, இரட்டை வீட்டு வாடகை, பிள்ளையின் தனியார் பள்ளிக் கட்டணம் ஆகியவற்றை வருமானத்தில் கழிக்கலாம். சுவிட்சர்லாந்தில் வேலையே செய்யாத வெளிநாட்டுப் பணக்காரருக்கு வருமானத்தைப் பார்க்காமல் செலவைப் பார்த்து மொத்தமாக வரி போடும் முறையும் இருக்கிறது. சூரிச் மாநிலம் 2009இல் அதை ஒழித்தது. நாடு முழுக்க ஒழிக்கும் முன்மொழிவு 2014இல் தோற்றது. நேரடியாக உள்ளூர் ஒப்பந்தத்தில் சேர்ந்த செவிலியருக்கும், ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து ஆண்டுக்கு 8,500 என்ற ஒதுக்கீட்டுக்குள் வந்த பொறியாளருக்கும் இந்தக் கழிவுகள் இல்லை. இவர்கள் எல்லாரையும் ‘எக்ஸ்பாட்’ (வேலைக்காக வெளிநாட்டில் வாழ்பவர்) என்ற ஒரே பெட்டியில் போட்டுத்தான் சராசரி எடுக்கிறார்கள்.

அந்தப் பெட்டிக்கு வெளியே நிற்பவர் ஈழத்தமிழர். 1980களில், குறிப்பாக 1983க்குப் பின், அகதியாக வந்து உணவக அடுக்களைகளில் தொடங்கியவர்கள். இன்று பிள்ளைகளோடு சேர்த்து ஐம்பதாயிரம் அளவில் இருப்பதாகச் சொல்லப்படுகிறது. இவர்களை யாரும் எக்ஸ்பாட் என்று அழைத்ததில்லை, ஆனால் மேலே சொன்ன ரசீதுகளை எல்லாரையும்விட முழுமையாகக் கட்டியவர்கள் இவர்களே. கூலி அடித்தட்டு, தவணை எல்லாருக்கும் உள்ளது, அனுமதியோ பல ஆண்டுகள் தற்காலிகமானது. இவர்களில் நெடுநாள் ஒரே வீட்டில் இருந்தவர்கள் இப்போது பழைய வாடகையின் பயனைப் பெறுகிறார்கள் என்பதும் உண்மை. ஆக, வந்த நாளின் விலை காலப்போக்கில் கரைந்துவிடும், பொறுத்திருந்தால் எல்லாரும் ‘இருந்தவர்’ ஆகிவிடலாம் என்று வாதிடலாம். எதிர்வாதங்களில் வலுவானது இதுதான். வாடகைக்கு இது ஓரளவு பொருந்தும், வீடு மாற்றாமலும் குடும்பம் பெருகாமலும் இருந்தால். ஓய்வூதியத்துக்குப் பொருந்தாது. முதியோர் காப்பீட்டில் முழுத் தொகைக்கு 44 ஆண்டுச் சந்தா வேண்டும், இருபத்தோரு வயதிலிருந்து இடைவெளி இல்லாமல். 2025இல் உச்ச ஓய்வூதியம் மாதம் 2,520 பிராங்க். நாற்பது வயதில் வந்தவர் ஒரு நாளும் தவறாமல் உழைத்தாலும் 25 ஆண்டுதான் சேரும்; 44இல் 25 பங்குதான் அவருக்கு. குறையை ஈடுசெய்யும் கூடுதல் உதவிக்கு, ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள நாட்டவர் பத்தாண்டு தொடர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும், அகதிகள் ஐந்தாண்டு. வந்த ஆண்டு அறுபத்தைந்து வயதிலும் கணக்குக் கேட்கிறது.

விருப்பப்பட்டு வந்தவர்கள்தானே, விலையும் தெரிந்துதானே வந்தார்கள் என்பது கடைசி வாதம். விலை தெரிந்திருக்கலாம், விதியை எழுதியவர்கள் அவர்கள் அல்ல. நாட்டில் வாழ்வோரில் நான்கில் ஒருவருக்கும் மேல் வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர். கூட்டாட்சி வாக்கெடுப்பில் இவர்களுக்கு இடமில்லை. நியூஷாட்டல், ஜூரா போன்ற சில மாநிலங்கள் மட்டும் உள்ளூர் அளவில் அனுமதிக்கின்றன. மருத்துவத் தவணை குடும்ப வருமானத்தில் பத்து விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற முன்மொழிவு 2024 ஜூன் 9இல் தோற்றபோதும், அதே நவம்பரில் குடியிருப்போரின் பாதுகாப்பைத் தளர்த்தும் இரண்டு வாடகைச் சட்டத் திருத்தங்களை மக்கள் நிராகரித்தபோதும் வாக்களித்தவர் எல்லாம் குடிமக்கள். இரண்டாவது முடிவு நியாயமானதே. ஆனால் அது காத்தது ஏற்கெனவே ஒப்பந்தம் கையில் வைத்திருப்பவரை. குடியுரிமை பெறப் பத்தாண்டு வாழ்ந்திருக்க வேண்டும், நிரந்தர அனுமதி இருக்க வேண்டும், விண்ணப்பத்துக்கு முந்தைய மூன்றாண்டு சமூக உதவி வாங்கியிருக்கக் கூடாது. பேர்ன் மாநிலம் இதைப் பத்தாண்டாக்கி, வாங்கியிருந்தால் திருப்பிக் கட்டவும் சொல்கிறது. அதாவது செலவு மிகக் கடுமையாக அழுத்திய குடும்பமே வாக்குரிமைக்கு மிக அதிகம் காத்திருக்க வேண்டும். குடியுரிமைக்கு வாக்கைத் தாண்டிய ஒரு பண மதிப்பும் உண்டு. சமூகக் காப்பீட்டு ஒப்பந்தம் இல்லாத நாட்டவர், இலங்கையர் உட்பட, நாட்டை விட்டு ஒரேயடியாகப் புறப்பட்டால் முதியோர் ஓய்வூதியம் பின்தொடராது. கட்டிய சந்தாவை வட்டியில்லாமல் திரும்பப் பெற்றுக் கணக்கை முடித்துக்கொள்ளலாம். சுவிஸ் கடவுச்சீட்டு பெற்றவர் யாழ்ப்பாணம் திரும்பினால், அந்த ஓய்வூதியம் மாதாமாதம் அங்கேயே வந்து சேரும்.